வெப்லி வீட்டு உத்தரம் எந்தக் கப்பலில் இருந்து வந்தது?

ஓக்மரத்தான்:
ஊர்சுற்றி பாபு நேற்றுப் போட்ட பயணப் பதிவைப் படித்ததில் இருந்து எனக்கு மனசு ஆறவில்லை. இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரில் 'வியோப்ளி' (Weobley, அதாவது வெப்லி) என்ற கிராமத்துக்குப் போனாராம், ஒரு பழைய மதுக்கூடத்தில் சாப்பிட்டாராம், தலைக்கு மேலே வளைந்து நிற்கிற மரமெல்லாம் உடைத்த கப்பலில் இருந்து வந்தவை என்று கடைக்காரர் சொன்னாராம், இவரும் அப்படியே எழுதிவிட்டார். அந்த நாட்டில் பழைய வீடு எதற்குள் நுழைந்தாலும் இதே கதைதான். ஊர் இருப்பது வேல்ஸ் எல்லைப் பக்கம். கடல் எங்கே, வெப்லி எங்கே? சுற்றிலும் ஓக் காடு இருக்கும்போது அவ்வளவு கனமான மரத்தைச் சேற்றுப் பாதையில் இழுத்து வர யாருக்குப் பைத்தியம்? ஒரே ஒரு கேள்வி: எந்தக் கப்பல்?

ஊர்சுற்றி பாபு:
வணக்கம் ஐயா. நான் கண்ணால் பார்த்துவிட்டு எழுதினேன், நீங்கள் பார்க்காமல் எழுதுகிறீர்கள். தரையில் கிளம்பிக் கூரை உச்சி வரைக்கும் விலா எலும்பு மாதிரி ஒரே வளைவு. போதாததற்கு மரத்தில் அங்கங்கே சதுரத் துளைகள், எதுவும் செருகாமல் சும்மா கிடக்கின்றன. வேறு எதிலோ இருந்த மரம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஓக்மரத்தான்:
அந்த வளைவுக்குப் பெயர் க்ரக். இயற்கையாகவே வளைந்து வளர்ந்த ஓக் மரமாகப் பார்த்து வெட்டி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியையும் எதிரெதிரே சாய்த்து உச்சியில் சேர்த்தால் கண்ணாடியில் பார்த்தது போல ஒரே வளைவு ஜோடியாக வரும், அதுதான் வீட்டின் எலும்புக்கூடு. இங்கிலாந்தின் மேற்கிலும் வடக்கிலும் இது நிறைய உண்டு, கிழக்கே சஃபோக், நார்ஃபோக் பக்கம் கிட்டத்தட்டக் கிடையாது. கப்பல் மரம் என்றால் கடலோரம் இருக்கிற கிழக்கில்தானே அதிகம் இருந்திருக்க வேண்டும்? சும்மா கிடக்கிற துளை, நடுச்சுவரை எடுத்த இடமாக இருக்கும், இல்லையென்றால் இடித்த வேறு வீட்டின் மரம். அடுத்த முறை போனால் மூட்டுக்குப் பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். உளியால் கீறிய ரோமன் எண்கள் தெரியும், நாலுக்குப் பெரும்பாலும் நாலு கோடுதான் போடுவார்கள். தச்சர் தன் பட்டறை முற்றத்தில் படுக்கப் போட்டுப் பொருத்திப் பார்த்து, எண் போட்டு, கழற்றி, மனையில் கொண்டு வந்து நிறுத்துவார். பச்சை மரத்தில் செய்வதால் பிறகு காய்ந்து முறுக்கிக்கொள்கிறது, வீடு கோணலாவதற்கு அதுவும் ஒரு காரணம். கப்பலுக்கு இதில் என்ன வேலை?

கல்லுளிமங்கன்:
லண்டனில் லிபர்ட்டி கடை கப்பல் மரத்தில் கட்டியதுதான். படித்தவர்களுக்குத் தெரியும்.

ஓக்மரத்தான்:
1924-இல் கட்டினார்கள் ஐயா, 1924! இம்ப்ரெக்னபிள், ஹிந்துஸ்தான் என்று இரண்டு போர்க்கப்பல்கள், பெயரோடு இருக்கிறது. பழைய வீடு மாதிரி தெரிய வேண்டும் என்று கட்டிய கடையைக் காட்டிப் பழைய வீட்டுக்குச் சாட்சி சொல்கிறீர்கள்.

தேம்ஸ்கரைத் தமிழச்சி:
சண்டை மூட்ட வரவில்லை, ஆனால் ஹாம்ப்ஷயரில் விக்கம் கிராமத்தில் செசபீக் ஆலை இருக்கிறதே. 1813-இல் பிடித்த அமெரிக்கப் போர்க்கப்பலின் மரத்தை வைத்து 1820-இல் கட்டியது.

ஊர்சுற்றி பாபு:
அக்கா, நன்றி! கப்பல் மரம் உண்டு என்று நிரூபணம் ஆகிவிட்டது.

ஓக்மரத்தான்:
ஒன்றும் ஆகவில்லை. கப்பலைப் பிரித்துக் கூவி விற்ற துறைமுகமான போர்ட்ஸ்மவுத்துக்கு விக்கம் பக்கத்து ஊர். உங்கள் வெப்லிக்கு எந்தக் கப்பல்? பெயர்?

தேம்ஸ்கரைத் தமிழச்சி:
பாபு, உங்கள் படங்களுக்குக் கீழே 'டியூடர் காலத்து அசல் கறுப்பு வெள்ளை' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். டியூடர் என்றால் 16-ஆம் நூற்றாண்டு, மரத்துக்குக் கறுப்பு பூசுவது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் விக்டோரியா காலத்து மோஸ்தர். செஷயரில் லிட்டில் மோர்ட்டன் ஹால் இருக்கிறதே, அதில் மரம் முதலில் பூச்சில்லாமல் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் இருந்திருக்கும், மரங்களுக்கு நடுவில் உள்ள சுவர்ப் பூச்சு காவி மஞ்சளாக இருந்திருக்கும் என்கிறார்கள். நிறமாவது பரவாயில்லை. நாங்கள் வாங்கிய வீட்டில் முந்தைய ஆள் வெளியே சிமென்ட் பூசிவிட்டுப் போயிருந்தார். உள்ளே இருப்பது ஹேசல் என்ற செடியின் குச்சித் தட்டி, மேலே களிமண்ணும் வைக்கோலும் சாணியும் பிசைந்து அப்பியது. அதற்குச் சுண்ணாம்புதான் ஒத்துப்போகும், ஈரத்தை வெளியே விடும். சிமென்டைப் பெயர்த்தால் சுவருக்கு அடியில் கிடக்கும் மரக்கட்டை விரல் பட்டதும் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

கல்லுளிமங்கன்:
அதனால்தான் சொல்கிறேன், மரமும் சாணியும் எதற்கு, காட்ஸ்வோல்ட் மலைப்பகுதியின் கல் வீட்டைப் பாருங்கள். அங்கே பிபரி கிராமத்தில் ஆர்லிங்டன் ரோ என்ற வீட்டு வரிசை, தேன் நிறக் கல், கூரையும் கல்தான். அந்த வரிசையை நண்பர் ஓக்மரத்தான் போன வருடம் '17-ஆம் நூற்றாண்டில் கட்டிய நெசவாளர் வீடுகள்' என்று அடித்துப் பேசினார். 1380-இல் கட்டிய கம்பளிக் கிடங்கு அது. இன்று வரை தப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை.

ஓக்மரத்தான்:
நெசவாளர் வீடுகளாக மாற்றியது 17-ஆம் நூற்றாண்டில். நான் சொன்னது அதைத்தான், நீங்கள் பாதி வரியை வெட்டி எடுத்துக்கொண்டு திரிகிறீர்கள்.

கல்லுளிமங்கன்:
'கட்டிய' என்றுதான் எழுதினீர்கள். படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஓக்மரத்தான்:
வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் போட்டு மாட்டுங்கள், கப்பல் மரத்தில். வெப்லிக்குப் பக்கத்து ஊர் பெம்பிரிட்ஜில் தேவாலயத்தை விட்டுத் தனியாக ஒரு மர மணிக்கூண்டு நிற்கிறது. மர வளையங்களை அளந்து ஒப்பிட்டுப் பார்த்ததில், அதில் இருக்கிற மிகப் பழைய மரங்களை 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டியிருக்கிறார்கள். மரத்தைக் கேட்டால் மரமே வயதைச் சொல்லும், மதுக்கூடத்துக்காரரைக் கேட்க வேண்டியதில்லை.

ஊர்சுற்றி பாபு:
வயதைத்தானே சொல்லும், எங்கிருந்து வந்தது என்று சொல்லுமா? அந்தக் கடைக்காரருக்கு மெயில் போட்டேன். கப்பல்தான், அவருடைய தாத்தாவே சொல்லியிருக்கிறாராம்.

ஓக்மரத்தான்:
எந்தக் கப்பல்?

ஊர்சுற்றி பாபு:
பழைய கப்பல்.

தேம்ஸ்கரைத் தமிழச்சி:
எனக்கு வேலை இருக்கிறது. சுண்ணாம்பு ஊற வைத்திருக்கிறேன்.

ஓக்மரத்தான்:
அப்புறம் இன்னொன்று பாபு, ஊர்ப் பெயர் வெப்லி. பதிவில் இன்னும் 'வியோப்ளி' என்றே இருக்கிறது. மூன்று நாள் தங்கியிருக்கிறீர்கள், ஊர் பெயரைக்கூட யாரும் சொல்லித் தரவில்லையா?

ஊர்சுற்றி பாபு:
எழுத்துப்படி படித்தால் வியோப்ளிதான். நான் மாற்றப் போவதில்லை.