கொரோனாவால் நின்றுபோன மூட்டுச் சிகிச்சையில், சேலத்தில் முதலில் எதைத் தொடங்க வேண்டும்: முட்டி ஆபரேஷனா, முடக்குவாத மருந்தா?

அடிவாரத்தான்:
2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அவசரமில்லாத ஆபரேஷன்களை நிறுத்தினார்கள். மறுபடி ஆரம்பிக்கும் நேரத்தில் 2021 ஏப்ரல், மே மாத அலை வந்து கட்டில்கள் எல்லாம் கொரோனாவுக்குப் போயின. முட்டி மாற்றுக்குத் தேதி வாங்கியவர்கள் இன்னும் அப்படியே நிற்கிறார்கள். பழைய பதிவேட்டை எடுங்கள், முதலில் பதிந்தவரை முதலில் கூப்பிடுங்கள். தேவைப்பட்டால் ஞாயிற்றுக்கிழமையும் ஆபரேஷன் தியேட்டரைத் திறக்கட்டும். என் பெரியம்மா ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை பார்த்தவர். மேடு ஏறுவதைவிடச் சரிவில் இறங்கும்போதுதான் முட்டி உயிரை எடுக்கும். செடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவார். இப்போது வாசற்படி இறங்கவே ஆள் வேண்டும்.

தறிக்காரர் மகள்:
பெரியம்மா படும் பாடு புரிகிறது அண்ணா. ஆனால் மூட்டு நோய் என்றால் ஆபரேஷன் மட்டும்தானா? என் அப்பா அம்மாபேட்டையில் பட்டுத் தறி நெய்தவர், முடக்குவாதக்காரர் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டை அரிக்கும் நோய்). 2020 மார்ச் கடைசியில், கொரோனா வராமல் தடுக்க மருத்துவப் பணியாளர்கள் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் போடலாம் என்று அறிவிப்பு வந்தது. ஊரே அந்த மாத்திரையைத் தேடியது. முடக்குவாதத்துக்கு வருடக்கணக்கில் அதையே தின்று வந்தவர்களுக்குக் கடையில் இல்லை. முடக்குவாதத்தை அடக்கும் இன்னொரு மாத்திரையான மெத்தோட்ரெக்ஸேட் போட்டால் ரத்த அணுவும் கல்லீரலும் சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். பரிசோதனைக்குப் போக வழியில்லாததால் அப்பா பயந்து அதையும் விட்டார். யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு வாங்கிப் போட்டார். வலி போனது, முகம் ஊதியது, சுகர் ஏறியது.

அறுந்த பாவு இழையைப் பிணைக்கக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் சேர வேண்டும். அவருக்கு இப்போது சேர்வதில்லை. தேய்ந்த முட்டியைத் தாமதமாகவாவது மாற்றலாம். முடக்குவாதம் அரித்த விரல் மூட்டு திரும்பாது. அதனால் முடக்குவாத ஓபியும் ரத்தப் பரிசோதனையும்தான் முதலில் முழு அளவில் நடக்க வேண்டும்.

அடிவாரத்தான்:
முட்டி காத்திருக்கும் என்று மட்டும் சொல்லாதே அம்மா. மடங்கிய முட்டி நாளாக நாளாக நிமிராமல் போகும். தொடைச் சதை கரையும். தினமும் வலி மாத்திரை விழுங்கினால் கிட்னி தாங்குமா? ஆபரேஷன் செய்பவர் வேறு, முடக்குவாத ஓபி பார்ப்பவர் வேறு. இரண்டும் ஒரே நாளில் நடக்கலாமே, ஏன் ஒன்றை நிறுத்தி மற்றது?

பிசியோ சூரமங்கலம்:
இரண்டும் நடக்கட்டும், சரி. ஆனால் பதிந்த தேதிப்படி கூப்பிடுவதை நான் ஏற்க மாட்டேன். அன்றைக்கு ஆபரேஷனுக்குத் தகுதியாக இருந்தவர் இன்றைக்கும் அப்படியே இருப்பாரா? வீட்டிலேயே கிடந்து சுகர் ஏறியிருக்கும். சுகர் கட்டுப்படாமல் செயற்கை மூட்டு வைத்துச் சீழ் பிடித்தால் மறு ஆபரேஷன் வரை போகும், முதல் ஆபரேஷனைவிட அது பெரிய கொடுமை. கொரோனா வந்தவருக்கு 7 வாரமாவது கழித்துத்தான் ஆபரேஷன் நல்லது என்று 2021இல் பல நாட்டு ஆய்வு சொன்னது. ஆகவே எல்லோரையும் மறுபடி பார்த்து, முட்டி நிமிராமல் போய்க்கொண்டிருப்பவரை முன்னே தள்ளுங்கள்.

காத்திருக்கும் நாளும் வீணாக வேண்டாம். காலை நீட்டி உட்கார்ந்து முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். முட்டியால் துண்டைக் கீழே அழுத்தி 5 எண்ணும் வரை பிடித்து விடுங்கள். தொடைச் சதை இருந்தால் ஆபரேஷன் முடிந்து எழுந்து நடப்பது எவ்வளவோ சுலபம்.

அடிவாரத்தான்:
சார், மறுபரிசோதனை என்று சொல்லியே இன்னும் ஆறு மாதம் தள்ளுவார்கள். ஒரு நாள் சுகர், இன்னொரு நாள் ஈசிஜி, வேறொரு நாள் எக்ஸ்ரே. ஒவ்வொன்றுக்கும் ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற முட்டி விடுமா? தனியாரிடம் போ என்கிறார்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டிக்கு விலை உச்சவரம்பு வைத்தது உண்மைதான். அறை வாடகைக்கும் டாக்டர் கட்டணத்துக்கும் அது பொருந்தாதே. எங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டைதான் கதி.

நாகலூர் காப்பி:
அப்படியானால் பரிசோதனை மலைக்கு வரட்டும். ஏற்காடு அரசு மருத்துவமனையில் ஒரே நாளில் எல்லாம் பார்த்து, தேறியவரை மட்டும் சேலத்துக்கு அனுப்பலாம். இன்னொன்றை யாரும் பேசவில்லை. கொரோனா வந்த இரண்டு வருடத்தில் முட்டி கெட்டுப்போய் ஆஸ்பத்திரிப் பக்கமே வராதவர்கள் எங்கள் பக்கம் நிறைய. அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கும்? தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. சுகர், பிபி மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள், இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. வருகிறவர்கள் அப்படியே யாருக்குப் படி இறங்க முடியவில்லை என்றும் எழுதிக்கொண்டு போகட்டும். அந்தப் பையிலேயே முடக்குவாத மாத்திரையையும் தரலாம்.

தறிக்காரர் மகள்:
பெயர் எழுதுவது நல்ல யோசனை. மாத்திரையை மட்டும் அப்படிச் சாதாரணமாகக் கொடுக்கக் கூடாது. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் போடுவது. சுகர் மாத்திரையோடு கலந்து தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கிழமையை மாத்திரைப் பட்டையிலேயே எழுதி, வீட்டில் ஒருவரிடம் சொல்லிக் கொடுத்து, ரத்தம் எடுக்கவும் ஆள் வந்தால்தான் சம்மதம்.

பிசியோ சூரமங்கலம்:
நூற்றுக்கு நூறு சரி. எடுத்த ரத்தத்தின் முடிவை டாக்டர் பார்த்த பிறகுதான் அடுத்த மாத மாத்திரை என்று இருக்க வேண்டும்.

அடிவாரத்தான்:
திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறேன். மலையில் ஒரே நாள் பரிசோதனை, வீடு வீடாகப் பெயர் எடுப்பு, தேறியவருக்கு அங்கேயே ஆபரேஷன் தேதி. தேதி கையில் இல்லாமல் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று எழுதுவேன், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தறிக்காரர் மகள்:
முடக்குவாத மருந்தும் ரத்தப் பரிசோதனையும் முதல் வரியில் இருந்தால் அப்பாவும் நானும் கையெழுத்துப் போடுகிறோம் அண்ணா. கடைசி வரிக்குப் போனால் அதே கூட்டத்தில் நாங்கள் தனி மனு கொடுப்போம்.