புதுப்பிப்பு: காரைக்குடி–தேவகோட்டை கிளஸ்டர், பிங் சரி, பெரிய பதில் மட்டும் வரவில்லை

முன்பு கேட்டிருந்தது இதுதான்: காரைக்குடி கண்டாங்கிச் சேலைக் கடையின் பில்லிங் சர்வீஸ், தேவகோட்டை குடோன் நோடில் (கிளஸ்டராகச் சேர்ந்து வேலை செய்யும் கணினிகளில் ஒன்று) ஓடும் இருப்பு சர்வீஸிடம் ஒரு சேலையைக் கேட்டால் உடனே பதில் வரும், முழுப் பட்டியல் கேட்டால் தொங்கிவிடும். கிளஸ்டரை நடத்தும் குபர்னெட்டீஸில் எல்லாம் பச்சை, அதாவது நலம் என்றே காட்டியது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. காரணம் கிடைத்துவிட்டது.

எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. இரண்டு ஊருக்கும் நடுவே பிபிபிஓஇ (பிராட்பேண்டு முறை) இணைப்பு. அதில் 1500க்குப் பதில் 1492 பைட்தான் போகும். நோடுகளுக்கு நடுவே பாக்கெட்டைச் சுற்றி அனுப்பும் விஎக்ஸ்லேன் உறைக்கு 50 பைட். பாடுகளில் (சர்வீஸ்கள் ஓடும் சிறு அலகுகள்) எம்டியூ 1450 இருந்ததால் வெளியே 1500 ஆகி, பாக்கெட் துண்டானது. துண்டுகளை ஃபயர்வால் தடுத்துவிட்டது. பாடுக்குள்ளிருந்து, துண்டாக்காதே என்று சொல்லி அனுப்பும் 'பிங் -எம் டூ -எஸ் 1422' தோற்றது (தலைப்பு 28 பைட் சேர்ந்து 1450), 1414 (சேர்ந்து 1442) போனது. பாடுகளின் எம்டியூவை 1442 என்று மாற்றியதும் பட்டியல் வந்துவிட்டது.

அப்புறம் கண்காணிப்பு. பாடு வேலைக்குத் தயாரா என்று பார்க்கும் ரெடினஸ் சோதனையை அந்தந்த நோடில் ஓடும் குபர்னெட்டீஸ் முகவரான கூப்லெட்டே செய்கிறது, நோடுகளுக்கு நடுவே உள்ள வழியை அது தொடுவதே இல்லை. அதனால்தான் எல்லாம் பச்சை. இப்போது டீமன்செட்டாக நோடுக்கு ஒரு சிறு பாடு; ஒவ்வொன்றும் மற்றவற்றிடம் பெரிய பதிலாகவே கேட்டு வாங்குகிறது. மூன்று நோடு, ஆறு திசை. போகிற வழி திறந்திருந்தும் திரும்புகிற வழி அடைபடலாம், ஆகவே திசைகளைச் சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள். கண்காணிப்புக் கருவியான ப்ரோமித்தியஸில் ஒவ்வொரு திசைக்கும் தனி எச்சரிக்கை வைத்திருக்கிறேன்.

டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றும் சேவை) தாமதத்தையும் தனியே அளக்க வேண்டும், அது இன்னும் பாக்கி.