ஒரே பட்டனுக்கு ஆறு நீலம்: டிசைன் சிஸ்டத்தை எங்கே ஆரம்பிப்பது?

முத்தியால்பேட்டை:
புதுச்சேரியில் சின்ன செய்தித் தளம், நாங்கள் நாலே பேர். வெப்சைட் ஒருவர், ஆப் ஒருவர், யூடியூப் தம்ப்நெயில் நான், இன்ஸ்டா கார்டு கடலூரிலிருந்து ஒரு தம்பி. நேற்று எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், எங்கள் நீலம் ஆறு விதமாக இருக்கிறது. ஆப்பில் ‘பகிர்’, வெப்சைட்டில் ‘ஷேர்’. ஆசிரியர் “எல்லாருக்கும் பொதுவா ஒரு டிசைன் சிஸ்டம் போட்டுடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், ஏதோ டீ சொல்வது மாதிரி. நிறம், எழுத்து, பட்டன் எல்லாம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதற்கான பொது விதிகளும் பாகங்களும்தானே அது, கூகுள் வெளியிட்டிருக்கிற மெட்டீரியல் டிசைன் என்ற தொகுப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் போதாதா?

மஞ்சக்குப்பத்தான்:
எடுக்கலாம், 2014-லிருந்து இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் உங்கள் நீலம் எது என்று அது சொல்லாது. முதலில் இருக்கிற பட்டன், தலைப்பு, ஐகான் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபிக்மாவில் (டிசைன் செய்யும் ஆப்) ஒரே பக்கத்தில் கொட்டுங்கள். பார்க்கவே வெட்கமாக இருக்கும், ஆசிரியரிடம் நேரம் கேட்க அந்த ஒரு பக்கம் போதும். அப்புறம் நிறத்துக்குப் பெயர். ‘அடர்நீலம்’ என்று வைக்காமல் ‘முதன்மை பட்டன் பின்னணி’ என்று அது செய்கிற வேலையைப் பெயராக வையுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு நிறத்தை மாற்றும்போது அடர்நீலம் என்ற பெயரில் ஒரு பச்சை உட்கார்ந்திருக்கும் (எங்களிடம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது). இப்படி வேலையைச் சொல்லும் பெயரும் அதற்கான நிறமும் சேர்ந்ததைத்தான் டிசைன் டோக்கன் என்கிறார்கள். இவற்றை ஒரு ஜேசன் ஃபைலில் (பெயரையும் மதிப்பையும் எழுதி வைக்கும் டெக்ஸ்ட் ஃபைல்) வைத்தால் ஸ்டைல் டிக்‌ஷனரி என்ற இலவச டூல் வெப்புக்கு சிஎஸ்எஸ், ஆண்ட்ராய்டுக்கு எக்ஸ்எம்எல் என்று அந்தந்த இடம் புரிந்துகொள்ளும் கோடாகத் தனித்தனியாக எடுத்துக் கொடுக்கும்.

வம்பாகீரப்பாளையம்:
மேலே சொன்னது சரி, ஆனால் இங்கிலீஷுக்குச் செய்த ரெடிமேட் டிசைன் கிட்டை அப்படியே இறக்கினால் தமிழில் மாட்டிக்கொள்வீர்கள். ‘சேவ்’ என்ற சொல்லுக்கு அளவெடுத்த பட்டனுக்குள் ‘பதிவிறக்கு’ நுழையாது, அதனால் அகலத்தை ஃபிக்ஸ் பண்ணாதீர்கள். லைன் ஹைட் (வரியின் உயரம்) எழுத்தளவைப் போல 1.2 மடங்கு என்றால் மேல்வரி ‘ழு’வின் வால் கீழ்வரி ‘வீ’யின் சுழியில் போய் இடிக்கும், நாங்கள் நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்டுக்கு 1.6 வைத்திருக்கிறோம். தமிழில் கேப்பிடல் கிடையாது, எனவே அழுத்தம் வேண்டுமென்றால் போல்டுதான். இன்னொன்று, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வித்தியாசம்) குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி, பார்வைக் குறைவு உள்ளவர்களும் வெப்சைட்டைப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டி விதிகள். நம்ம புதுச்சேரி ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர் நிறம் என்று ஆசைப்பட்டு வெள்ளையில் மஞ்சள் எழுத்து வைத்தீர்களானால் தேறாது.

முத்தியால்பேட்டை:
கொட்டிப் பார்த்தேன். பட்டன் மட்டும் 17, அதில் மூன்று நானே செய்தது. ஆனால் தம்பி “அண்ணா, நான் போன்லதான் கார்டு பண்றேன், ஃபிக்மா ஃபைல் திறக்கவே மாட்டேங்குது” என்கிறான்.

மஞ்சக்குப்பத்தான்:
அவரை ஃபிக்மாவுக்கு இழுக்காதீர்கள். அவர் கார்டு செய்கிற ஆப்பிலேயே இரண்டு டெம்ப்ளேட் போட்டுக் கொடுங்கள், நீலத்தின் ஹெக்ஸ் எண்ணை (அந்த நிறத்தைத் துல்லியமாகக் குறிக்கும் குறியீடு) வாட்ஸ்அப் குரூப்பில் பின் பண்ணுங்கள். எண் மாறினால் மாற்றிப் போட வேண்டியது யார் என்று இன்றைக்கே ஒரு பெயரை முடிவு பண்ணிவிடுங்கள்.

முத்தியால்பேட்டை:
என் பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள் 😐