2014 மாடல் பிஎம்டபிள்யூ 520டி, 12 லட்சம்: வாங்கலாமா?

பொள்ளாச்சி_வாசி:
நண்பர்களே, சென்னையில் ஒருவர் 2014 மாடல் 520டி விற்கிறார். டிஎன் 07 பதிவு, 82,000 கிமீ ஓடியிருக்கிறது, 12 லட்சம் கேட்கிறார். இந்தக் காசுக்குப் புதிதாக வாங்கப் போனால் ஒரு சின்ன எஸ்யூவிதான் கிடைக்கும். தினமும் பொள்ளாச்சியிலிருந்து கோவை போய் வர 80 கிமீ ஆகிறது, அம்மாவுக்கு வேறு முதுகு வலி, அந்தப் பின் சீட்டில் உட்கார்ந்ததும் முகமே மாறிவிட்டது. வாங்கிவிடலாம் போல இருக்கிறது, ஆனால் பராமரிப்பை நினைத்தால் பயம். வருஷத்துக்கு எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்? செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலேயே பிஎம்டபிள்யூ தொழிற்சாலை இருக்கிறதே, பார்ட்ஸ் விலை கொஞ்சம் குறைவாக இருக்காதா?

நாலு_வருஷ_அனுபவம்:
நான் வைத்திருப்பது வேறொரு ஜெர்மன் கார், ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள்) உள்ளது, பழையதாக வாங்கினேன். முதல் இரண்டு வருஷம் ஆயில், பிரேக் பேட், டயர் என்று வருஷத்துக்கு 70,000 ரூபாய்க்குள் முடிந்தது. மூன்றாம் வருஷம் ஒரு நாள் காலையில் போர்ட்டிகோவில் பார்த்தால் வண்டி முன்பக்கம் இடது காலை மடக்கிய யானை மாதிரி சாய்ந்து நிற்கிறது. ஸ்டார்ட் செய்ததும் மெதுவாக எழுந்துவிட்டது, அதனால் சரி, அப்புறம் பார்க்கலாம் என்று இரண்டு வாரம் ஓட்டினேன். தப்பு அங்கேதான். காற்றுப் பை கசிந்ததால் அதை ஈடுகட்ட, காற்றடிக்கும் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி அதுவும் எரிந்துபோனது. மொத்த பில் 2 லட்சத்தைத் தாண்டியது. முதல் நாளே போயிருந்தால் பாதியில் முடிந்திருக்கும்.

நீங்கள் 12 லட்சத்துக்கு வாங்கினாலும் அது 50 லட்சத்தை ஒட்டி விற்ற வண்டி. வண்டி விலைதான் இறங்கியிருக்கிறது, பார்ட்ஸ் விலை இறங்கவில்லை. வாங்கும் அன்றே 3 லட்சத்தைத் தனியாக வங்கியில் போட்டுவிடுங்கள், அதில் கை வைக்காதீர்கள்.

பட்டறை_அண்ணன்:
தம்பி, வேர்ல்டு சிட்டியில் 2007-லிருந்து வண்டி கட்டுகிறார்கள், உண்மைதான். ஆனால் இந்த வண்டி கட்டிய காலத்தில் எஞ்சின் உட்பட முக்கியமான பாகங்கள் வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இங்கே பூட்டப்பட்டன. சென்னையில் கட்டியதால் பார்ட்ஸ் மலிவாகிவிடாது.

அந்தக் காலத்து 520டியில் வருவது என்47 டீசல் எஞ்சின். இதில் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் போனால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் தொட முடியாது, அறுந்தால் எஞ்சினே காலி. அதனால் ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த வண்டியைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள். பானெட்டைத் திறந்து, முன் கண்ணாடிப் பக்கம் காதை வைத்தால் சங்கிலியை இழுப்பது போல 'கரகர' சத்தம் வருகிறதா என்று தெரியும். நீங்கள் போவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் பார்க்காமலே திரும்பிவிடுங்கள்.

கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் போதும் என்று சொல்வார்கள். அந்த 8 கியர் பெட்டியைத் தயாரிக்கும் இசட்எஃப் கம்பெனியே 80,000-லிருந்து 1,20,000 கிமீக்குள் மாற்றச் சொல்கிறது. இந்த வண்டி 82,000 ஓடிவிட்டது, அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். எஞ்சின் ஆயிலை 8,000 கிமீக்கு ஒரு தரம் மாற்றிவிடுங்கள். பேட்டரி மாற்றினால் ஸ்கேனர் வைத்து அதை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவு செய்யாமல் விடக்கூடாது, சார்ஜ் கணக்கு தப்பிப் புது பேட்டரியும் சீக்கிரம் போய்விடும்.

வேளச்சேரி_மழை:
யாருமே சொல்லவில்லையே. 2014 மாடல், டிஎன் 07. அப்படியென்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அந்த வண்டி சென்னையில் நின்றிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. எங்கள் தெருவில் கழுத்தளவு தண்ணீரில் கார்கள் நின்றதை நான் கண்ணால் பார்த்தவன். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். டிக்கியில் விரிப்பைத் தூக்கி மூலைகளில் துரு இருக்கிறதா பாருங்கள். முழுகிய வண்டியில் வயரிங் வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகப் படுத்தும், எந்த எலக்ட்ரீஷியனாலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது.

இன்சூரன்ஸையும் கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு வயதான வண்டிக்கு ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் காசு தரும் பாலிசி) கிடைப்பது கஷ்டம். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி காசு உங்கள் கையிலிருந்துதான். ஒரு ஹெட்லைட் உடைந்தால் தெரியும் வலி.

ஹைபிரிட்_ராமநாதபுரம்:
அம்மாவின் முதுகுதான் முக்கியம் என்றால் பெட்ரோலோடு மின் மோட்டாரும் உள்ள பழைய டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் ஒன்றையும் பாருங்கள். பின் சீட்டில் காலை நீட்டி உட்காரலாம், டர்போ கிடையாது, பெல்ட்டில் ஓடும் கியர்பாக்ஸும் கிடையாது. பின் சீட்டுப் பக்கத்தில் ஹைபிரிட் பேட்டரிக்குக் காற்று போகும் துளை இருக்கும், அதில் தூசி அடைக்காமல் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். 520டி ஓட்டும் சுகம் இதில் வராது, அதை மறைக்க மாட்டேன்.

பொள்ளாச்சி_வாசி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. விற்பவரிடம் இப்போதுதான் பேசினேன். சனி ராத்திரியிலிருந்து வண்டியை எடுக்க வேண்டாம், ஞாயிறு காலை 6 மணிக்கு நானே ஸ்டார்ட் செய்கிறேன் என்றேன், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். வெள்ளத்தைப் பற்றிக் கேட்டதற்கு அப்போது வண்டி பெங்களூரில் இருந்தது என்கிறார். அந்த மாதத்து சர்வீஸ் பில் இருந்தால் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.