'அர்பன் அக்ளாமரேஷன்': நகர்த்திரள் எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

'அர்பன் அக்ளாமரேஷன்' (urban agglomeration) என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில், அதனை 'மாநகரம்' என்றே எழுதிவிடலாம் என்ற முந்தைய மடலின் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. மாநகரம் என்பது ஆட்சியமைப்பின் தகுதியைச் சுட்டும் சொல். நாம் பெயர் தேடும் பொருளோ, ஆட்சி எல்லை எங்கே முடிந்தாலும், குடியிருப்பும் கட்டடங்களும் பெரிய இடைவெளியின்றித் தொடரும் நிலப்பரப்பு முழுவதும் ஆகும்.

பாரிஸ் நகராட்சி எல்லைக்குள், ஏறத்தாழ 105 சதுர கிலோமீட்டரில், சுமார் 21 லட்சம் பேர் வாழ்கின்றனர். எல்லையைத் தாண்டித் தொடரும் குடியிருப்புகளையும் சேர்த்தால் அத்தொகை ஒரு கோடியைக் கடந்துவிடும். சீனத்தின் சோங்கிங் இதற்கு நேர்மாறானது. 2020 கணக்கெடுப்பின்படி அங்கு 3.2 கோடி மக்கள் இருந்தபோதிலும், அந்த ஆட்சிப்பரப்பு 82,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. அதில் பெரும்பகுதி மலையும் வயலும் சிற்றூர்களுமே. அதனை உலகின் மிகப்பெரிய நகரம் என்று எழுதுவோர், ஆட்சிப்பரப்பையும் நகரப் பரப்பையும் ஒரே சொல்லால் அழைப்பதால்தான் இடறுகின்றனர். இரண்டுக்கும் தமிழில் 'மாநகரம்' என்றே வைத்தால் நாமும் அதே பள்ளத்தில் விழுவோம்.

'நகரத் தொகுதி' என்ற பரிந்துரை காதுக்கு இனியதுதான். ஆனால் அதைக் கேட்டவுடன் நம்மவர் மனத்தில் வாக்குச்சாவடிதான் தோன்றும். 'நகர்ப்புற ஒருங்கிணைப்பு' என்பதில் வேறொரு சிக்கல் உள்ளது: ஒருங்கிணைப்புக்கு ஒருங்கிணைப்பவர் ஒருவர் வேண்டும்; இங்கோ ஊர்கள் எவருடைய ஆணையுமின்றித் தாமாக நெருங்கிச் சேர்கின்றன. 'கூட்டுநகரம்' நல்ல சொல் என்பதால் அதனை வேறொன்றுக்காக ஒதுக்கி வைக்க விரும்புகிறேன். ஸ்காட்லாந்து நகரத் திட்டமிடல் அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1915-இல் 'கானர்பேஷன்' (conurbation) என்று பெயரிட்டது, தனித்தனியே வளர்ந்த ஊர்கள் ஒன்றையொன்று தொடும் நிலையை. ஜெர்மனியின் ரூர் பகுதியில் டோர்ட்மண்ட், எஸ்ஸன், டூயிஸ்பர்க் ஆகியவை எதுவும் மற்றொன்றின் புறநகராகாமல் நெருங்கி நிற்பதைக் 'கூட்டுநகரம்' சரியாக உணர்த்தும்.

ஆகவே என் பரிந்துரை 'நகர்த்திரள்'. திரள்தல் தன்வினை; வெண்ணெய் திரள்வதைப் போலத் தானே நிகழ்வது. மூலச்சொல்லின் இலத்தீன் வேரும் நூலுருண்டையைக் குறிப்பதால், பொருள் தற்செயலாகவேனும் ஒத்துப்போகிறது.

'திரள்' என்றால் மக்கள் கூட்டம் என்றே பொருள்படும் என்ற தடை எழக்கூடும். 'விண்மீன் திரள்' வழக்கில் நிலைத்துவிட்ட பிறகு இது பெரிய தடையன்று என்பது என் எண்ணம். 'நகர்த்திரள் மக்கள்தொகை', 'நகர்த்திரள் எல்லை' எனத் தொடர்கள் இயல்பாக அமைவதும் இதன் நன்மை. நான்கு சொல் கொண்ட விளக்கத்தொடர் எதற்கும் இந்த நெகிழ்ச்சி வாய்க்காது.

வரையறையைச் சொல்லுக்குள் திணிக்க வேண்டியதில்லை. பிரான்சில் ஒரு நிலப்பரப்பை நகர்த்திரளாகக் கொள்ள, கட்டடங்களுக்கிடையே 200 மீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாமலும், மொத்தம் 2,000 பேருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. 2020-இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்ற முறையோ நிலத்தை ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு 1,500 பேராவது உள்ள அடுத்தடுத்த கட்டங்களில் மொத்தம் 50,000 பேர் சேர்ந்தால் அதனை நகரமையமாகக் கொள்கிறது. அளவுகோல் மாறலாம், கருத்து அதுவே.

எஞ்சியிருப்பது, வேலைக்காக அன்றாடம் நகருக்கு வந்துபோவோர் வாழும் சுற்றுவட்டாரத்துக்கான சொல். கட்டடத் தொடர்ச்சி அற்றுப்போன இடத்திலும் இச்சார்பு நீள்வதால் அதனை நகர்த்திரளுக்குள் அடக்க முடியாது. 'பெருநகர் வட்டாரம்' என்போமானால் சிறுநகரங்களின் வட்டாரம் விடுபட்டுவிடும். 'நகர்ச்சார்பு வட்டாரம்' எனக்கு ஓரளவு நிறைவளிக்கிறது. இதனினும் சுருக்கமான சொல் எவருக்கேனும் தோன்றினால் அறியத் தருக.