தானே மட்டம் பிடிக்கும் பின் சஸ்பென்ஷனை எடுத்துவிட்டு சாதா ஷாக் போட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஷாக்கை மட்டும் மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் வாங்கிய பழைய எஸ்டேட் கார் (டிக்கி வரை கூரை நீளும் ரகம்) அப்படி மாற்றப்பட்டுத்தான் கைக்கு வந்தது. முன்பு வைத்திருந்தவர் நிவோமேட் என்ற தானே மட்டம் பிடிக்கும் ஷாக்குகளைக் கழற்றிவிட்டு சாதா கேஸ் ஷாக் மாட்டியிருந்தார், ஸ்பிரிங் பழையதே. ஆளில்லாமல் நிற்கும்போதே பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். பின் சீட்டில் மூன்று பேர் ஏறிவிட்டால் சின்ன மேட்டுக்குக்கூட ரப்பர் ஸ்டாப்பரில் போய் டங்கென்று இடிக்கும்.

நிவோமேட்டைப் பார்த்தால் கொஞ்சம் தடித்த ஷாக் மாதிரிதான் இருக்கும். வெளியிலிருந்து குழாயோ ஒயரோ எதுவும் வராது. ஆயில், அழுத்தத்தில் அடைத்த கேஸ், ஒரு குட்டி பம்ப் எல்லாம் உள்ளேயே. ஓடும்போது சக்கரம் மேலும் கீழும் ஆடுகிறதல்லவா, அந்த ஆட்டத்தை வைத்தே ஆயிலை ஏற்றி வண்டியைத் தூக்கும். அதனால்தான் டிக்கியில் சாமான் ஏற்றியதும் நிமிராமல், கொஞ்ச தூரம் ஓடிய பிறகு நிமிர்கிறது. எடையில் ஒரு பங்கை அதுவே சுமப்பதால், அந்த வண்டிகளுக்குக் கம்பெனியே இளகிய ஸ்பிரிங்தான் போட்டு அனுப்புகிறது. சாதா ஷாக் ஆட்டத்தை அடக்கும், எடையைத் தாங்காது. பிறகு வண்டி உட்காராமல் என்ன செய்யும்?

நான் செய்தது: அதே மாடலில் நிவோமேட் இல்லாமல் வந்த வண்டிக்கு எந்த ஸ்பிரிங் என்று உதிரிபாகப் பட்டியலில் தேடி அதை வாங்கினேன். அந்த வண்டியின் ரப்பர் ஸ்டாப்பரும் ஸ்பிரிங் உட்காரும் ரப்பரும் வேறாக இருந்ததால் அவற்றையும் சேர்த்து மாற்றினேன். இப்போது காலியாக ஓட்டினால் பின்பக்கம் லேசாகக் கடினமாகத் தெரிகிறது. முழு லோடில் கொஞ்சம் தாழ்கிறது, ஆனால் இடிப்பதில்லை. அடிக்கடி டிரெய்லர் இழுப்பவர் என்றால் நான் நிவோமேட்டையே திரும்பப் போடச் சொல்வேன், விலை எத்தனை மடங்காக இருந்தாலும்.

வேலை முடிந்ததும் ஹெட்லைட்டைச் சரிபார்க்க மறக்காதீர்கள். பின்பக்க உயரம் மாறினால் வெளிச்சம் விழும் இடமும் மாறும். சில வண்டிகளில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை லோடுக்கு ஏற்ப மாற்றும் வால்வு ஒன்று அச்சோடு கம்பியால் இணைந்திருக்கும். உயரம் மாறினால் அதையும் திருப்பி செட் செய்ய வேண்டும். இதை யாரும் சொல்வதே இல்லை.

*

என்னுடையது வேறு ரகம். எஞ்சினால் ஓடும் ஹைட்ராலிக் பம்ப், அங்கிருந்து பின்னால் வரை குழாய்கள், நைட்ரஜன் அடைத்த இரண்டு உருண்டைகள், பின் ஸ்டெபிலைசர் கம்பியோடு இணைந்த ஒரு லெவல் வால்வு. மெர்சிடிஸ் 123, 124 எஸ்டேட் வைத்திருப்பவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமாக இருக்கும்.

பின்பக்கம் சஸ்பென்ஷனே இல்லாதது போலத் தூக்கிப் போட்டது. பார்த்த மெக்கானிக், "எல்லாத்தையும் கழட்டிட்டு சாதா ஷாக் போட்டுடலாம் சார்" என்றார். எனக்கு மனசு வரவில்லை. எஞ்சினை ஓடவிட்டு டிக்கியில் இரண்டு பேரை உட்கார வைத்தேன். முதலில் தாழ்ந்தது, அப்புறம் மெதுவாக ஏறி மட்டத்துக்கு வந்தது. ஆகவே பம்பும் வால்வும் நலம், போனது உருண்டைகள்தான். உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு வழியாக நைட்ரஜன் வருஷக் கணக்கில் கசிந்து போய்விடும். ஆயிலை அமுக்க முடியாது, அமுங்குவதற்குக் கேஸும் இல்லையென்றால் வண்டி கல்லாகத்தானே இருக்கும்? உருண்டைகளை மட்டும் மாற்றினேன், பழைய சொகுசு திரும்பிவிட்டது. கழற்றுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், ப்ளீஸ்.

உயரம் மட்டும் தப்பாக இருந்தால், லெவல் வால்வின் இணைப்புக் கம்பி துருப்பிடித்து உடைந்திருக்கிறதா என்றும் ஒரு தடவை குனிந்து பார்த்துவிடலாம்.

*

மேலே சொன்னவருக்கு அதிர்ஷ்டம். எனக்கு ஸ்ட்ரட் (ஷாக் இருக்கும் இடத்தில் நிற்கும் ஹைட்ராலிக் தண்டு) இரண்டுமே ஒழுகியது, குழாய்களும் துருவேறி அரித்திருந்தன. முழுசாக எடுத்துவிட்டேன்.

ஸ்பிரிங், ஷாக் மாற்றுவது எளிது. தலைவலி பம்பில்தான். ஆயில் இல்லாமல் அதைச் சுழலவிட்டால் தேய்ந்து இறுகிவிடும். ஒன்று, பம்பிலிருந்து வரும் ஆயிலை அப்படியே டேங்குக்குத் திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் பம்பையே கழற்றி அந்த ஓட்டையைத் தகடு வைத்து மூட வேண்டும். நான் மூடிவிட்டேன். பவர் ஸ்டீயரிங்கும் இதுவும் ஒரே இரட்டைப் பம்பில் ஓடும் வண்டிகளும் உண்டு, அங்கே பம்பைச் சும்மா தூக்கிப் போட முடியாது.

குழாயில் கைவைக்கும் முன் வால்வில் உள்ள ப்ளீட் திருகைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். எஞ்சின் நின்றிருந்தாலும் உள்ளே அழுத்தம் இருக்கும். நிவோமேட் எடுத்தவர்கள் பழையதை அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம், அதற்குள்ளும் அழுத்தத்தில் கேஸ் இருக்கிறது.

*

இவ்வளவு பெரிய கதையா! என் பழைய அமெரிக்க செடானில் ஏர் ஷாக், கம்ப்ரசர், ஒரு உயர சென்சார், அவ்வளவே. காலி வண்டியின் எடையை ஸ்பிரிங்தான் தாங்குகிறது, காற்று லோடுக்கு மட்டும். சாதா ஷாக் மாட்டி, கம்ப்ரசர் வீணாக ஓடாதபடி அதன் ரிலேயைப் பிடுங்கினேன். வேலை முடிந்தது.

*

சிட்ரோயன் டிஎஸ் என்ற பழைய பிரெஞ்சு காரில் இப்படி மாற்றியவர்கள் யாராவது உண்டா? நண்பர் ஒருவர் வாங்கப் போகிறார்.

*

அதில் கைவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். 1954இல் சிட்ரோயனின் டிராக்‌ஷன் அவான்ட் 15 சிக்ஸ் எச் மாடலில் பின்பக்கத்துக்கு மட்டும் வந்த ஆயில்-கேஸ் சஸ்பென்ஷன் அமைப்பு, அடுத்த வருஷம் டிஎஸ்ஸில் நான்கு சக்கரத்துக்கும் வந்தது. பிரேக்கும் அதே அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. சஸ்பென்ஷனை மாற்றினாலும் பம்பையும் குழாய்களையும் பராமரித்துத்தான் ஆக வேண்டும். அந்தச் செலவில் உருண்டைகளை மாற்றிக்கொள்ளலாம்.