புகாட்டி அட்லாண்டிக் கூரைல அந்த மடிப்பு எதுக்கு?

கேள்வி:
1930கள் கடைசில வந்த கார் போட்டோவா பாத்துட்டு இருக்கேன், கண்ண எடுக்க முடியல. புகாட்டி அட்லாண்டிக்ல கூரை நடுவுல முதுகெலும்பு மாதிரி ஒரு மடிப்பு ஓடுதே, அதுல வரிசையா ரிவெட் வேற, சும்மா அழகுக்கா வச்சாங்க?

பதில் 1:
இல்லங்க, அதுக்கு காரணம் இருக்கு. அட்லாண்டிக்குக்கு முன்னோடியா 1935ல கார் ஷோவுக்கு செஞ்ச ஏரோலித் வண்டிக்கு எலெக்ட்ரான்னு ஒரு மெக்னீசியம் கலவைத் தகடு போட்டாங்க, அதுல வெல்டிங் வச்சா தீப்பிடிச்சுக்கும், அதனால ரெண்டு பாதியையும் விளிம்புல மடிச்சு ரிவெட் அடிச்சாங்க. அப்புறம் வந்த அட்லாண்டிக் அலுமினியம்தான், வெல்ட் பண்ணிருக்கலாம், ஆனா அத டிசைன் பண்ண, கம்பெனி நிறுவனரோட மகன் ஜான் புகாட்டி மடிப்ப விடவே இல்ல. அந்த முடிவுதான் எனக்கு ரொம்ப பிடிக்கும். மொத்தமே 4 வண்டிதான். அவர் வச்சிருந்த கருப்பு வண்டி போர் சமயத்துல காணாம போச்சு, இன்னும் கிடைக்கல. அவரும் 1939ல வண்டி டெஸ்ட் பண்ணும்போது 30 வயசுலயே போயிட்டாரு, நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு.

பதில் 2:
அதே காலத்துல அமெரிக்கால கார்டு (Cord)ங்கற கம்பெனி விட்ட 810, 812 கார்களையும் பாருங்க. கார்டன் பியூரிக் டிசைன். ஹெட்லைட் முன் மட்கார்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், உள்ள உக்காந்து கைப்பிடிய சுத்தினா வெளிய வரும். முன்சக்கர டிரைவ்ங்கறதால வண்டி தாழ்வா இருக்கும், ஏறிப் போக படிப்பலகையே தேவைப்படல. 1937லயே நிறுத்திட்டாங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. கார்டு முன்பக்கம் இப்பதான் பாத்தேன், கிரில்லே இல்லாம பட்டை பட்டையா கோடு சுத்தி வருது, ப்பா!